பேஸ்மேக்கர்: சேலத்திலும் ஏற்காட்டிலும் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாடி குறைந்து மயங்கி விழுந்தவருக்கு "பேஸ்மேக்கர் வைக்கணும்" என்று டாக்டர் சொன்னதும் வீட்டில் கேள்விகள் வரிசை கட்டும். பேஸ்மேக்கர் என்பது இதயம் துடிக்கத் தவறும்போது சிறு மின்துடிப்பு தந்து துடிக்கவைக்கும் கருவி. சேலம் டவுன் முதல் ஓமலூர், ஆத்தூர், ஏற்காடு மலைக் கிராமங்கள் வரை திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே எடுத்துக்கொள்கிறோம். படித்துவிட்டு மாத்திரையையோ கருவியின் அமைப்பையோ உங்கள் டாக்டரைக் கேட்காமல் மாற்ற வேண்டாம்.

இதயம் தானாகத் துடிக்கிறதே, அதற்கு எதற்கு ஒரு கருவி?

தானாகத் துடித்தாலும் அதற்கென்று ஒரு மின்பாதை உண்டு. வலது மேலறையின் உச்சியில் இருக்கும் சைனஸ் முடிச்சு என்ற சிறு திசு ஒவ்வொரு துடிப்பையும் கிளப்பிவிடுகிறது. அந்த மின்னோட்டம் இரண்டு மேலறைகளிலும் பரவி அவற்றைச் சுருக்கும். பிறகு மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே உள்ள ஏ.வி. முடிச்சில் கொஞ்சம் தாமதித்து, ஹிஸ் கற்றை என்ற பாதை வழியாக இறங்கி, கிளைகளாகப் பிரிந்து கீழறைகளை எட்டும். மேலிருந்து கீழே வர 0.12 முதல் 0.20 விநாடி ஆகிறது. இந்தத் தாமதம் இருப்பதால்தான் மேலறை ரத்தம் கீழறைக்குள் இறங்கி நிறைய நேரம் கிடைக்கிறது. ஓய்வில் நிமிடத்துக்கு 60 முதல் 100 துடிப்பு. ஒரு நாளைக்குச் சுமார் 1 லட்சம்.

பழுது இரண்டு இடங்களில் வரும். சைனஸ் முடிச்சு சோர்ந்துபோனால் துடிப்பு கிளம்புவதே குறையும், நடுநடுவே சில விநாடி நின்றும் போகும். பாதை அறுந்தால் மேலறை சரியாகத் துடித்தாலும் செய்தி கீழே வந்து சேராது. இதைத்தான் ஹார்ட் பிளாக் என்கிறார்கள். ரத்தக்குழாய் அடைப்பையும் பலர் 'பிளாக்' என்றே சொல்வதால் வீட்டில் குழப்பம் வரும். அது குழாய்ச் சிக்கல், இது மின்பாதைச் சிக்கல். பாதை முழுதாக அறுந்தால் கீழறை தன் சொந்த வேகத்தில், நிமிடத்துக்கு 30, 40 என்று துடித்து உயிரைக் காக்கப் பார்க்கும். அந்தத் துடிப்பை நம்பி இருக்க முடியாது. எப்போது வேண்டுமானாலும் நின்றுவிடலாம். பேஸ்மேக்கர் வேலை செய்வது இந்த இரண்டு பழுதுக்கும்தான்.

நாடி எத்தனைக்குக் கீழே போனால் வைக்க வேண்டும்?

ஒற்றை எண் எதுவும் கிடையாது. தினமும் ஓடிப் பழகிய இளைஞருக்குத் தூக்கத்தில் 45 இருக்கலாம். அவருக்குக் கருவி தேவையே இல்லை. சைனஸ் முடிச்சு சோர்வில், குறைந்த நாடிக்கும் மயக்கம், கண் இருட்டல், மூச்சிரைப்பு, காரணமில்லாத அசதி போன்ற தொல்லைக்கும் தொடர்பு இருக்கிறதா என்பதைத்தான் டாக்டர் தேடுவார். பாதை முழுதாக அறுந்திருந்தால், அல்லது மோபிட்ஸ் இரண்டாம் வகைத் தடை (சில துடிப்புகள் மட்டும் திடீரென்று கீழே வராமல் போவது) இருந்தால், பெரும்பாலும் தொல்லை வரும்வரை காத்திருப்பதில்லை.

சாதாரண ஈ.சி.ஜி. சில விநாடிகளை மட்டுமே காட்டும். அந்த நேரத்தில் இதயம் ஒழுங்காக இருந்தால் அது நார்மல் என்றே வரும். அதனால்தான் 24 மணி நேரமும் துடிப்பைப் பதிவு செய்யும் ஹோல்டர் கருவியை மாட்டிவிடுகிறார்கள். "போன வாரம் எடுத்த ஈ.சி.ஜி. நல்லா இருந்துச்சு" என்பதை வைத்து, மயங்கி விழுந்தவரை வீட்டிலேயே வைத்திருக்காதீர்கள். உட்கார்ந்திருக்கும்போதே முன்னறிவிப்பில்லாமல் விழுவதும், விழுந்து முகத்தில் அடிபடுவதும் இதயத்தைச் சந்தேகிக்க வேண்டிய மயக்கங்கள்.

இன்னொன்றையும் கட்டாயம் பார்க்க வேண்டும்: காரணம் சரிசெய்யக்கூடியதா? அட்டெனலால், மெட்டப்ரோலால், டில்டியாசெம், வெரபமில், டிஜாக்சின், ஐவாப்ரடின் போன்ற மாத்திரைகள் நாடியைக் குறைக்கும். தைராய்டு சுரப்புக் குறைவு, ரத்தத்தில் பொட்டாசியம் ஏறுவது (சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு அடிக்கடி), இதயத்தின் அடிப்பக்க மாரடைப்பு ஆகியவையும் குறைக்கும். இவற்றில் பலவும் சில நாளில் சரியாகும். சாப்பிடும் எல்லா மாத்திரை அட்டைகளையும், கண் சொட்டு மருந்து உட்பட, ஒரு பையில் போட்டுக் கொண்டுபோய்க் காட்டுங்கள். கண் அழுத்தத்துக்கு விடும் டிமலால் சொட்டும் நாடியைக் குறைக்கும். இதை யாரும் சொல்ல நினைப்பதே இல்லை.

அரளி சாப்பிட்டவருக்கு பேஸ்மேக்கர் வைத்து, சில நாளில் எடுத்துவிட்டார்களே, அது எப்படி?

அது தற்காலிக பேஸ்மேக்கர். பனமரத்துப்பட்டிப் பக்கம் பூவுக்காக வளர்க்கும் அரளியிலும், வேலியோரம் நிற்கும் மஞ்சள் அரளியிலும் இதயத்தைத் தாக்கும் நச்சு உண்டு. டிஜாக்சின் மாத்திரை வேலை செய்யும் அதே இடத்தில், இதயச் செல்லின் சோடியம்-பொட்டாசியம் பம்பில், அது போய் உட்காரும். பொட்டாசியம் ஏறும், ஏ.வி. முடிச்சு தடைபடும், நாடி சரியும். கழுத்து அல்லது தொடை ரத்தக்குழாய் வழியாக ஒயரை வலது கீழறைக்குள் செலுத்தி, மறுமுனையை வெளியே உள்ள பெட்டியில் இணைப்பார்கள். நச்சு வெளியேறி இதயம் தன் வேகத்துக்குத் திரும்பியதும் ஒயரை உருவிவிடுவார்கள்.

அரளி உள்ளே போனவர் முதல் சில மணி நேரம் நன்றாகப் பேசிக்கொண்டிருப்பார். துடிப்புக் கோளாறு பிறகு வரும். அதனால் "வாந்தி எடுத்துட்டான், சரியாயிடுச்சு" என்று வீட்டில் வைத்திருப்பது உயிருக்கு ஆபத்து, உடனே 108. மனம் உடைந்து இப்படி ஒரு எண்ணம் வருகிறவர்கள் 104ஐ அழைக்கலாம், எந்த நேரத்திலும்.

கருவிக்குள் என்ன இருக்கிறது?

டைட்டானியம் கூடு. அதற்குள் லித்தியம்-அயோடின் பேட்டரி, மின்சுற்று. எடை 20 முதல் 30 கிராம். மேலே கண்ணாடி மாதிரித் தெரியும் தலைப்பகுதியில் லீடு செருகும் துளைகள். செருகியதும் சின்னத் திருகால் இறுக்குவார்கள். நம் ஊரில் 'ஒயர்' என்று சொல்லும் லீடு சிலிக்கோன் அல்லது பாலியூரித்தேன் உறை போட்டது. பொதுவாக 52 அல்லது 58 சென்டிமீட்டர் நீளம். நுனியில் ஒரு மின்முனை, சற்றுத் தள்ளி ஒரு வளையம். சிலவற்றின் நுனியில் உள்ள சிறு திருகு இதயத்தசையில் புதையும். வேறு சிலவற்றில் சிறு கொக்கிகள் உட்சுவரின் மடிப்புகளில் சிக்கிக்கொள்ளும்.

வைத்த பிறகு ஒவ்வொரு துடிப்பையும் கருவிதான் தருமா?

தேவைப்பட்டால் மட்டும். கருவியின் பெரும்பகுதி வேலை கவனிப்பதுதான். கீழ்வரம்பு 60 என்று வைத்திருந்தால், ஒரு துடிப்புக்குப் பின் சரியாக 1 விநாடி காத்திருக்கும். அதற்குள் உங்கள் இதயம் தானே துடித்தால் பேசாமல் இருந்து, மறுபடி முதலிலிருந்து எண்ணும். துடிக்காவிட்டால் ஒரு சிறு மின்துடிப்பை அனுப்பும். இரண்டு லீடு உள்ள கருவி மேலறைத் துடிப்பைக் கேட்டு, 0.15 முதல் 0.20 விநாடி வரை பொறுத்து, கீழறை அசையவில்லை என்றால் அங்கே தூண்டும். அறுந்த பாதைக்கு மாற்றுப் பாதை போட்டதுபோல் ஆகிறது. அந்த மின்துடிப்பு உங்களுக்குத் தெரியாது. பெரும்பாலும் 2 முதல் 3.5 வோல்ட், 0.4 மில்லிவிநாடி நேரம்.

செக்கப்பில் தரும் தாளைத் தூக்கிப் போடாதீர்கள். அதில் இப்படி இருக்கலாம்: திரெஷோல்டு 0.75 வோல்ட், ஆர் அலை 9 மில்லிவோல்ட், இம்பிடன்ஸ் 560 ஓம், கீழறை பேசிங் (கருவி தூண்டிய துடிப்புகளின் பங்கு) 42 சதவீதம், பேட்டரி 9 வருடம்.

திரெஷோல்டு என்பது இதயத்தைத் துடிக்கவைக்கப் போதுமான மிகக் குறைந்த வோல்ட். புதிதாக வைக்கும்போது 1க்குக் கீழே இருப்பது நல்லது. பாதுகாப்புக்காக அதைப் போல் இரண்டு மடங்காவது வெளியீடு வைப்பார்கள். லீடு வைத்த முதல் சில வாரங்களில் நுனியைச் சுற்றி அழற்சி வந்து திரெஷோல்டு ஏறும், பிறகு இறங்கும். அதனால் ஆரம்பத்தில் வெளியீட்டைத் தாராளமாக வைத்து, 2, 3 மாதம் கழித்துக் குறைப்பார்கள். அந்த மூன்றாம் மாத செக்கப்பைத் தவறவிட்டவரின் கருவி தேவையில்லாமல் அதிக மின்சாரம் செலவழித்து, பேட்டரி வருடக்கணக்கில் முன்னதாகவே தீரும். நடந்து போய் அரை மணி நேரம் உட்கார்ந்து வருவதற்கு இவ்வளவு பலன் உள்ள செக்கப் வேறு இல்லை.

ஆர் அலை என்பது உங்கள் சொந்தத் துடிப்பைக் கருவி எவ்வளவு தெளிவாகக் கேட்கிறது என்பது. கீழறையில் 5க்கு மேல் இருந்தால் நிம்மதி. இம்பிடன்ஸ் லீடின் உடல்நிலை. திடீரென்று 200க்குக் கீழே விழுந்தால் உறை கிழிந்திருக்கலாம். 2,000ஐத் தாண்டி ஏறினால் உள்கம்பி முறிந்திருக்கலாம், அல்லது தலைப்பகுதித் திருகு சரியாக இறுகவில்லை. ஒரு முறை வந்த எண்ணை விட, போன முறைக்கும் இந்த முறைக்கும் உள்ள வித்தியாசம்தான் பேசும். அதனால்தான் பழைய தாள்கள் வேண்டும்.

ஒரு லீடா, இரண்டா, மூன்றா?

மேலறை நிரந்தரமாக ஒழுங்கற்று நடுங்கிக்கொண்டிருந்தால் (ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்) அங்கே லீடு வைத்துப் பயனில்லை; கீழறைக்கு ஒன்று போதும். மேலறை நன்றாக இருந்தால் இரண்டு நல்லது. ஒற்றை லீடு வைத்து மேலும் கீழும் ஒத்துப்போகாமல் துடித்தால் கழுத்து நரம்பு துள்ளல், தலைசுற்றல், அசதி என்று ஒரு தொகுப்பு வரும். இது பேஸ்மேக்கர் சிண்ட்ரோம்.

மூன்று லீடு உள்ள சி.ஆர்.டி., இதயத் தசை பலவீனமாகி இரண்டு பக்கமும் வெவ்வேறு நேரத்தில் சுருங்குகிறவர்களுக்கு. இப்போது ஹிஸ் கற்றையின் இடது கிளைப் பகுதியிலேயே லீடைத் திருகி, இயற்கைப் பாதையைப் பயன்படுத்தும் முறையும் பரவலாகிவருகிறது. வலது கீழறையின் அடியில் எப்போதும் தூண்டிக்கொண்டே இருந்தால் சிலருக்கு வருடங்கள் போகப் போக இதயத் தசை தளரும். பேசிங் சதவீதம் அதிகமாக வரப்போகிறவர்கள் இந்த முறையைப் பற்றி டாக்டரிடம் கேட்பது நியாயமான கேள்வி. லீடே இல்லாமல், தொடை வழியாகச் செலுத்திக் கீழறைக்குள் பதிக்கும் சிறு குப்பி வடிவக் கருவியும் இருக்கிறது. டயாலிசிஸ் செய்கிறவர்கள், தோளில் வைக்க இடமில்லாதவர்கள், முன்பு தொற்று வந்தவர்கள் ஆகியோருக்கு அது உதவும்.

ஆபரேஷன் எப்படி நடக்கும்? நெஞ்சைப் பிளப்பார்களா?

இல்லை. கேத் லேப்பில் (எக்ஸ்-ரே திரையைப் பார்த்து ரத்தக்குழாய் வழியாகச் சிகிச்சை செய்யும் அறை), மரத்துப்போக ஊசி போட்டு, பெரும்பாலும் விழித்திருக்கும்போதே நடக்கும். இடது காரை எலும்புக்குக் கீழே இரண்டு அங்குல அளவில் ஒரு வெட்டு. அங்கே போகும் ரத்தக்குழாய் வழியாக லீடை இதயத்துக்குள் இறக்கி, எக்ஸ்-ரே திரையைப் பார்த்துக்கொண்டே பதிப்பார்கள். அளவுகள் சரியாக இருந்தால் கருவியை இணைத்து, தோலுக்கும் தசைக்கும் நடுவே ஒரு பை மாதிரி இடம் செய்து வைத்துத் தைப்பார்கள். 1 முதல் 2 மணி நேரம். வெட்டுப் போடுவதற்கு முந்தைய ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் ஊசி போடுவது தொற்றைத் தடுக்கும் முக்கியமான படி.

இடது கைப் பழக்கம் உள்ளவர்களும், இடது தோளில் சுமை தூக்குகிறவர்களும் இதை முன்கூட்டியே சொல்லுங்கள், வலப்பக்கம் வைக்கலாம். ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். எதை நிறுத்துவது, எதைத் தொடர்வது என்பதை டாக்டர் சொல்வார்.

அரிதாக வரும் சிக்கல்கள்: நுரையீரலைச் சுற்றிக் காற்று சேர்வது, வெட்டிய இடத்தில் ரத்தம் கட்டுவது, லீடு நகர்வது, லீடு நுனி இதயச் சுவரைத் துளைப்பது. முடிந்தபின் எடுக்கும் நெஞ்சு எக்ஸ்-ரே முதலாவதையும் மூன்றாவதையும் காட்டிவிடும்.

வீட்டுக்கு வந்த பிறகு கையை அசைக்கவே கூடாதா?

இதில்தான் இரண்டு பக்கமும் தவறு நடக்கிறது. 4 முதல் 6 வாரம் அந்தப் பக்கத்து முழங்கையைத் தோளுக்கு மேல் தூக்கக் கூடாது. நிலைப்படிக்கு மேலே சாமான் எடுப்பது, கொடியில் துணி உலர்த்துவது, காவடி எடுப்பது எதுவும் வேண்டாம். 4, 5 கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது. நிறைந்த தண்ணீர்க் குடம் 15 கிலோ வரும். கிணற்றில் சேந்துவது அதைவிட மோசம், இழுக்கும் வேகத்தில் லீடு நுனி பிடுங்கிக்கொள்ளும். லீடு நகர்ந்தால் மறுபடி கேத் லேப்.

ஆனால் பயந்துகொண்டு கையைக் கட்டிப்போட்டு வைத்தால் தோள் இறுகிவிடும்; அதைச் சரிசெய்ய மாதக்கணக்கில் பயிற்சி வேண்டியிருக்கும். தலை சீவலாம், சாப்பிடலாம், சட்டை போடலாம், தோளுக்குக் கீழே கையை ஆட்டி நடக்கலாம். முதல் நாளிலிருந்தே.

காயத்தை டாக்டர் சொல்லும் நாள் வரை, பொதுவாக ஒரு வாரம் பத்து நாள், நனைக்காதீர்கள். மஞ்சள், விபூதி, பச்சிலை எதுவும் வேண்டாம். தோலுக்கடியில் கருவியைப் பிடித்துத் திருப்பிப் பார்க்கும் பழக்கமும் வேண்டாம்; திருப்பத் திருப்ப லீடு சுருண்டு இதயத்திலிருந்தே கழன்றுவிடும்.

வெட்டின இடம் வீங்கியிருக்கு. ஊசி போட்டு நீரை எடுத்துடலாமா?

கூடவே கூடாது. இதை மட்டும் எழுதி ஒட்டி வையுங்கள். அந்த வீக்கத்தில் ஊசி குத்தினால் வெளிக் கிருமி நேராகக் கருவிக்குப் போகும். சிவப்பு, சூடு, சீழ், காய்ச்சல், தோல் மெலிந்து கருவி பளபளவென்று தெரிவது, வருடங்கள் கழித்து அந்த இடத்தில் சிறு புண் வந்து ஆறாமல் இருப்பது: இவை எல்லாம் கருவி வைத்த மருத்துவமனைக்கு உடனே போக வேண்டிய அறிகுறிகள். கருவியில் தொற்று பிடித்துவிட்டால் மாத்திரையால் மட்டும் போகாது. கருவி, லீடு எல்லாவற்றையும் எடுத்து, மருந்து கொடுத்து, வேறு பக்கம் புதிதாக வைக்க வேண்டும். பக்கத்துக் கிளினிக்கில் ஐந்து நாள் மாத்திரை வாங்கிப் பார்க்கலாம் என்று கழிக்கும் ஒவ்வொரு வாரமும் கிருமி லீடு வழியாக ரத்தத்தை நோக்கிப் போக வழிவிடுகிறது.

ஏற்காடு ஏறலாமா? உயரத்தில் கருவி நின்றுவிடுமா?

ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம். அந்தக் காற்றழுத்தமோ குளிரோ கருவியை ஒன்றும் செய்யாது. மலையிலேயே குடியிருப்பவர்களும் பயமில்லாமல் வைத்துக்கொள்ளலாம்.

ஆனால் மேட்டில் நடக்கும்போது மூச்சு வாங்குகிறது என்ற புகார் மலைக்காரர்களிடமிருந்து அதிகம் வரும். அதில் உண்மை இருக்கிறது. சைனஸ் முடிச்சு சோர்ந்தவருக்கு, வேலை செய்யும்போது நாடி தானே ஏறாது. அதற்காகக் கருவிக்குள் உடல் அசைவை உணரும் ஒரு சென்சார் இருக்கும். அசைவு கூடினால் நாடியை ஏற்றும். மேடு ஏறும்போது நாம் மெதுவாக, உடம்பு அதிகம் குலுங்காமல் ஏறுகிறோம். இதயத்துக்கு வேலை அதிகம், குலுக்கம் குறைவு. இறங்கும்போது குதிகால் தரையில் இடித்து உடம்பு குலுங்கும், வேலையோ குறைவு. ஆக, சேர்வராயன் கோயில் மேட்டில் ஏறும்போது 75 இருக்கும் நாடி, இறங்கும்போது 95 ஆகலாம். கருவி கெட்டுப்போகவில்லை, சமதரையில் நடப்பவருக்கு ஏற்ற அமைப்பில் இருக்கிறது. செக்கப்புக்குப் போகும்போது "மேட்டில் நடக்கிறவன், காபித் தோட்ட வேலை" என்று சொன்னால், சென்சார் எவ்வளவு சீக்கிரம், எவ்வளவு தூரம் ஏற்ற வேண்டும் என்பதை மாற்றித் தருவார்கள். சில கருவிகளில் மூச்சின் வேகத்தை உணரும் சென்சாரும் உண்டு, அது மேட்டுக்கு நன்றாக ஒத்துவரும்.

ஹார்ட் பிளாக்குக்காக இரண்டு லீடு வைத்தவருக்குச் சிக்கல் வேறு மாதிரி. அவருடைய சைனஸ் முடிச்சு நன்றாக ஏறும், கருவி அதைப் பின்தொடரும், மேல்வரம்பு வரை. அது 120, 130 என்று இருந்து, நாற்பது வயதுத் தோட்டத் தொழிலாளி மூட்டையோடு ஏறும்போது அதைத் தாண்டினால், கருவி சில துடிப்புகளை விட்டுவிடும். நாடி பாதியாகக் குறைந்ததுபோல் கால் தளரும். இதற்கும் மறு ஆபரேஷன் வேண்டியதில்லை. மேல்வரம்பை மாற்றினால் போதும்.

கொண்டை ஊசி வளைவுகளில் காரில் போகும்போது முன் இருக்கையில் இடப்பக்கம் உட்கார்ந்தால் சீட் பெல்ட் இடது தோளில், கருவி மேலேயே வரும். பெல்ட்டைக் கழற்றாதீர்கள்; நடுவில் மடித்த துண்டு வைத்துக்கொள்ளுங்கள்.

வெள்ளிப் பட்டறை, தறி, வெல்டிங் வேலைக்குத் திரும்பலாமா?

கொலுசுப் பட்டறையில் உட்கார்ந்து செய்யும் பற்றவைப்பு, மெருகு வேலைக்குத் தடையில்லை. வெள்ளி உருக்க இண்டக்‌ஷன் உலை வைத்திருந்தால் அதன் அருகே நிற்காதீர்கள். சுருளைச் சுற்றிக் காந்தப்புலம் பலமாக இருக்கும். உருக்காலை போன்ற இடங்களில் மின் உலைப் பக்கம் வேலை என்றால், கருவி நிறுவனத்தின் தொழில்நுட்ப ஆட்கள் மூலம் அந்த இடத்தைச் சோதிக்கச் சொல்லி, பிறகு முடிவு செய்யுங்கள்.

விசைத்தறி ஓட்டலாம், மோட்டார் மீது நெஞ்சைச் சாய்க்காமல் 30 சென்டிமீட்டர் தள்ளி இருந்தால் போதும். ஓடும் பைக் இன்ஜின், பெட்ரோல் மரம் அறுக்கும் இயந்திரம், புல் வெட்டும் இயந்திரம் எல்லாவற்றுக்கும் அதே 30 சென்டிமீட்டர். ஆர்க் வெல்டிங் என்றால் 130 ஆம்பியருக்குள், பொறி விழும் இடம் நெஞ்சிலிருந்து 60 சென்டிமீட்டராவது தள்ளி, எர்த் கிளிப்பை வெல்டிங் செய்யும் இடத்துக்கு அருகிலேயே மாட்டி, இரண்டு கேபிளையும் உடம்பைச் சுற்றாமல் ஒன்றாகப் போட்டு, காய்ந்த கையுறையோடு. தலை சுற்றினால் உடனே நிறுத்தித் தள்ளிப் போங்கள். முழுக்கக் கருவியை நம்பி இருப்பவர்கள், அதாவது சொந்தத் துடிப்பே இல்லாதவர்கள், வெல்டிங்கை விட்டுவிடுவது நல்லது என்பது எங்கள் கருத்து.

மின்குறுக்கீட்டில் நடப்பது இதுதான்: வெளியிலிருந்து வரும் மின்சலசலப்பை உங்கள் இதயத் துடிப்பு என்று நினைத்துக் கருவி பேசாமல் இருந்துவிடும். விலகினதும் சரியாகிவிடும். அதனால் தூரம்தான் மருந்து.

செல்போன், மிக்ஸி, இண்டக்‌ஷன் அடுப்பு?

செல்போன் 15 சென்டிமீட்டர் தள்ளி. எதிர்ப்பக்கக் காதில் பேசுங்கள், இடது சட்டைப் பையில் வைக்காதீர்கள். பின்பக்கம் காந்தம் உள்ள போன்களுக்கு இது இன்னும் முக்கியம். மிக்ஸி, கிரைண்டர், டி.வி., வாஷிங் மெஷின் ஒன்றும் செய்யாது. இண்டக்‌ஷன் அடுப்பிலிருந்து 60 சென்டிமீட்டர் தள்ளி நிற்க வேண்டும். சமையல் மேடையில் அது நடைமுறைக்கு ஒத்துவராது, கேஸ் அடுப்பிலேயே சமைப்பது எளிது.

கோயில், விமான நிலைய மெட்டல் டிடெக்டர் வாசலில் நிற்காமல் நடந்துபோங்கள். கையில் பிடிக்கும் கருவியை நெஞ்சின் மேலேயே வைத்துத் தேய்க்க வேண்டாம் என்று, கருவி வைத்தபோது தந்த அட்டையைக் காட்டிச் சொல்லுங்கள்.

எந்த ஸ்கேன் எடுக்கலாம்?

எக்ஸ்-ரே, அல்ட்ராசவுண்ட், எக்கோ, சி.டி. எடுக்கலாம். எம்.ஆர்.ஐ. எடுக்க, கருவியும் லீடுகளும் சேர்ந்து அதற்கு ஏற்றவையாக இருக்க வேண்டும். கருவி மட்டும் புதிது, லீடு அதற்கு ஏற்காத பழையது என்றால் அந்தத் தகுதி கிடையாது. வைத்து 6 வாரமாவது ஆகியிருக்க வேண்டும்; ஸ்கேனுக்கு முன் கருவியை எம்.ஆர்.ஐ. நிலைக்கு மாற்றி, முடிந்ததும் திரும்ப மாற்ற வேண்டும். இரண்டாவதை மறந்துவிடாதீர்கள்.

முட்டி வலிக்குப் பிசியோதெரபியில் கொடுக்கும் ஷார்ட்வேவ் டயாதெர்மி கூடாது. லீடு வழியாகச் சூடு இறங்கி இதயத் தசையைப் பொசுக்கிவிடும். வேறு எந்த ஆபரேஷனுக்குப் போனாலும் கருவி இருப்பதை முதலில் சொல்லுங்கள்.

பேட்டரி எத்தனை வருடம்? சார்ஜ் போட முடியுமா?

சார்ஜ் போட முடியாது. பொதுவாக 7 முதல் 12 வருடம்; பேசிங் சதவீதமும் வோல்ட்டும் குறைவாக இருந்தால் இன்னும் நீளும். 1958 அக்டோபர் 8 அன்று ஸ்வீடனில் ஆர்னே லார்சனுக்கு வைத்த முதல் கருவி சில மணி நேரமே வேலை செய்தது. அவர் வாழ்நாளில் இருபதுக்கும் மேற்பட்ட கருவிகளை மாற்றிக்கொண்டு 2001 வரை, 86 வயது வரை வாழ்ந்தார். 1970களில் லித்தியம்-அயோடின் பேட்டரி வந்த பிறகுதான் வருடக்கணக்கு என்ற பேச்சே வந்தது.

பேட்டரி திடீரென்று அணையாது. மாற்ற வேண்டிய நிலையை எட்டினால் கருவியே அறிவிக்கும். அதற்குப் பிறகும் சுமார் 3 மாதம் ஓடும். கருவியை மட்டும் மாற்றுவார்கள், லீடுகள் சரியாக இருந்தால் அப்படியே இருக்கும். செக்கப் 6 மாதம் அல்லது ஒரு வருடத்துக்கு ஒருமுறை. கடைசிக் காலத்தில் 3 மாதத்துக்கு ஒருமுறை.

இது இருந்தால் மாரடைப்பு வராதா?

வரும். பேஸ்மேக்கர் துடிப்பு குறையாமல் பார்த்துக்கொள்ளும். ரத்தக்குழாய் அடைப்பு, ரத்த அழுத்தம், சர்க்கரை எதற்கும் மருந்தாகாது. நெஞ்சில் ஷாக் கொடுக்கும் ஐ.சி.டி. வேறு கருவி.

காப்பீட்டில் செய்ய முடியுமா?

ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் உண்டு. வருடத்துக்கு 5 லட்சம் வரை. வி.ஏ.ஓ. சான்றிதழ், ரேஷன் கார்டு, ஆதாருடன் கலெக்டர் அலுவலக மையத்தில் அட்டை எடுத்துக்கொள்ளுங்கள். சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனையிலோ கேட்கும்போது, எந்த வகைக் கருவி, எம்.ஆர்.ஐ.க்கு ஏற்றதா என்பதையும் முன்பே கேட்டு வையுங்கள்.

கருவி இருந்தால் உயிர் பிரியாமல் இழுத்துக்கொண்டே இருக்குமாமே?

பெரியவர்கள் பலரும் மனசுக்குள் வைத்துக்கொண்டு கேட்கத் தயங்கும் கேள்வி இது. அப்படி ஆகாது. கடைசி நேரத்தில் பிராணவாயு குறைந்து, ரத்தம் அமிலமாகி, இதயத் தசை மின்துடிப்புக்குப் பதில் சொல்லும் சக்தியை இழந்துவிடும். கருவி தூண்டிக்கொண்டிருந்தாலும் இதயம் சுருங்காது.

எரியூட்டுவதாக இருந்தால், அதற்கு முன் கருவியை எடுத்துவிட வேண்டும். சூட்டில் பேட்டரி வெடிக்கும், பக்கத்தில் நிற்பவர்களுக்கும் தகன மேடைக்கும் ஆபத்து. மருத்துவமனையில் இறந்தால் அங்கேயே சொல்லுங்கள். வீட்டில் இறந்தால் டாக்டரை அழைத்துச் சிறு வெட்டில் எடுக்கலாம். அடக்கம் செய்பவர்களுக்கு இது தேவையில்லை.

வைத்த பிறகும் மயக்கம் வந்தால் என்ன செய்வது?

மணிக்கட்டில் நாடியை முழுதாக 60 விநாடி எண்ணுங்கள். 15 விநாடி எண்ணி நாலால் பெருக்க வேண்டாம். முன்கூட்டி வரும் சில துடிப்புகள் கைக்குத் தெரியாது, அதனால் 60க்குப் பதில் 54 என்று எண்ணிக்கை வரலாம். பத்து நிமிடம் கழித்து மறுபடி எண்ணுங்கள். உங்கள் கருவிக்கு வைத்திருக்கும் கீழ்வரம்பைவிடத் தெளிவாகக் குறைவாகவே இருந்தால், அல்லது மயக்கம், விடாத விக்கல், கருவிப் பக்கத் தசை துள்ளல், திடீர் மூச்சிரைப்பு, நெஞ்சுவலி இருந்தால் காத்திருக்க வேண்டாம். காரை எலும்புக்கும் முதல் விலா எலும்புக்கும் நடுவே நசுங்கி லீடு முறிவது, லீடு நகர்வது, திரெஷோல்டு ஏறுவது என்று காரணம் பல. ஈ.சி.ஜி., எக்ஸ்-ரே, புரோகிராமர் (வெளியிலிருந்து கருவியோடு பேசி அளவுகளைப் படிக்கும் இயந்திரம்) சோதனை மூன்றும் சேர்ந்தால்தான் தெரியும்.

108ஐ அழைத்ததும் முதல் வாக்கியத்திலேயே "பேஸ்மேக்கர் வெச்சவங்க, மயங்கிட்டாங்க" என்று சொல்லுங்கள். மலையிலிருந்து இறங்க வேண்டியிருந்தால் சொந்த வண்டியில் உட்காரவைத்துக் கொண்டுவருவதைவிட ஆம்புலன்ஸ் நல்லது, வழியிலேயே ஈ.சி.ஜி. பார்த்து, வெளியிலிருந்து இதயத்தைத் தூண்டும் வசதி சில வண்டிகளில் இருக்கும். மூச்சு இல்லை என்றால் நெஞ்சின் நடுவே அழுத்தத் தொடங்குங்கள். கருவி இருக்கிறதே என்று தயங்க வேண்டாம், அழுத்துகிறவருக்கு ஷாக் அடிக்காது. கருவி அட்டையையும் கடைசி செக்கப் தாளையும் கையோடு எடுத்துப் போங்கள். எந்த நிறுவனக் கருவி என்று தெரிந்தால்தான் அதற்கான புரோகிராமரை வரவழைக்க முடியும். ஒரு நிறுவனத்தின் புரோகிராமர் இன்னொன்றின் கருவியோடு பேசாது. அட்டையின் இரண்டு பக்கத்தையும் போட்டோ எடுத்து வீட்டில் இரண்டு பேர் போனிலாவது வைத்திருங்கள்.